சேற்றுத் தடத்துக்கு ஷூ வாங்குவது எப்படி: இரண்டு ஜோடியை வீணாக்கியவரின் வழிகாட்டி

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதை ஒரு மழைநாள் ட்ரெயில் போட்டியின், அதாவது காட்டுப் பாதையில் ஓடும் போட்டியின், ஒன்பதாவது கிலோமீட்டரில் அப்படியே அனுபவித்தேன். முப்பது அடி நீளம்கூட இல்லாத களிமண் ஏற்றம். நான்கு தடவை ஏறினேன், நான்கு தடவையும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். கடைசியில் ஓரத்துப் புதரைப் பிடித்துத் தொங்கித்தான் மேலே போனேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவர், அறுபது வயதைத் தாண்டியிருப்பார், தேய்ந்துபோன ஷூ ஒன்றோடு மாடிப்படி ஏறுவதுபோல ஏறிப் போய்விட்டார். மேலே போய் என் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப் பற்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஈரக் களிமண் பலகை மாதிரி வழவழவென்று ஒட்டியிருந்தது.

'எல்லாத் தரைக்கும் ஏற்றது' என்று சொல்லித்தான் அதை விற்றிருந்தார்கள். அந்தக் கோபத்தில், சேற்றுக்கென்றே செய்த ஷூவாகப் பார்த்து அடுத்த ஜோடியை வாங்கினேன். அது ஓடையோரத்து ஈரப் பாறையில் என்னைக் கவிழ்த்தது. மூன்றாவது ஜோடிதான் சரியாக அமைந்தது. எனக்கு இரண்டு ஜோடிக் காசு, ஒரு கால் நகம், முழங்கையில் ஒரு தழும்பு ஆகியவை செலவாயின. உங்களுக்கு அவை மிச்சமாகட்டும்.

தொடங்கும் முன் ஒரு சின்ன விளக்கம். ஷூவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் முளைகளைக் கடைகளில் 'லக்' என்பார்கள். நான் பல் என்றே எழுதுகிறேன்.

1. ஷூவைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே அச்சாகப் பொருந்தும். நான் செய்த முதல் தப்பு, என் தடத்தைப் பற்றி எனக்கே சரியாகத் தெரியாமல் கடைக்குப் போனது. 'சேறு இருக்கும், கொஞ்சம் பாறை இருக்கும்' என்று சொன்னேன். அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டு வாரம் ஒரு சின்னக் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மொத்தத் தூரத்தில் தார்ச் சாலை எவ்வளவு, இறுகிய மண் எவ்வளவு, சரளை, பாறை, வேர், சேறு ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தோராயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து தடம் தொடங்கும் இடம்வரை ஓடிப் போகிறீர்கள் என்றால் அந்தச் சாலையும் கணக்கில் சேரும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் நான்கு கிலோமீட்டர் சாலை என்று எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சேறு என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டு விரலோடு ஒட்டினால் களிமண் சேறு. இது ஷூவை அப்பிக்கொள்ளும் ரகம். உருட்ட வராமல் நறநறவென்று உதிர்ந்தால் மணல் கலந்த சேறு; பெரிய தொல்லை தராது. கூழ்போல வழிந்தால் அடியில் கெட்டித் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். கூழ் ஒரு விரற்கடை ஆழம்தான் என்றால் நீளமான பல் அதைத் துளைத்து அடித்தரையைப் பிடித்துவிடும். முழங்கால் ஆழம் என்றால் எந்தப் பல்லும் அடித்தரையை எட்டாது. ஷூ காலோடு வெளியே வருமா என்பதுதான் அங்கே கவலை.

போட்டிக்காக வாங்குகிறீர்கள் என்றால், பாதையை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிப் பார்க்க உதவும் ஜிபிஎக்ஸ் கோப்பையும் ஏற்ற இறக்க வரைபடத்தையும் அமைப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவார்கள். அதைவிட முக்கியமானவை போன வருடத்துப் புகைப்படங்கள். ஓடுபவர்களின் முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே பாருங்கள். கெண்டைக்கால்வரை சேறு அப்பியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கணக்கு கையில் வந்ததும் இரண்டு கேள்விகள். அதிகத் தூரம் எந்தத் தரை? விழுந்தால் பெரிய அடி படக்கூடிய இடம் எது? ஷூவை முதல் கேள்விக்காகத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது கேள்வியை வைத்து வடிகட்ட வேண்டும். எட்டு கிலோமீட்டர் சேறும் நூறு மீட்டர் ஈரப் பாறைச் சரிவும் இருந்தால், சேற்றுக்கு ஷூ தேடுங்கள். ஆனால் அந்த நூறு மீட்டரில் நிற்காத ஷூவைத் தள்ளிவிடுங்கள்.

2. பல்லின் ஆழத்தைவிட இடைவெளியைக் கவனியுங்கள்

முதல் ஜோடியில் நான் ஏமாந்த இடம் இதுதான். பெட்டியில் 4 மி.மீ. என்று போட்டிருந்தது, பக்கத்திலிருந்த இன்னொன்றில் 5 மி.மீ. ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஆழத்தில் பெரிதாக ஒன்றும் வரவில்லைதான். ஆனால் என் ஷூவில் பற்கள் சோளக்கதிர் மணிகள்போல நெருக்கமாக இருந்தன. களிமண் நடுவே புகுந்தது, புகுந்தது வெளியே வரவில்லை. அதன் பிறகு 4 மி.மீ. பல்லும் இல்லாததும் ஒன்றுதான்.

சேற்றில் பல் இரண்டு வேலை செய்ய வேண்டும். உள்ளே குத்தி நிற்க வேண்டும். காலைத் தூக்கும்போது சேற்றை உதற வேண்டும். இரண்டாவது வேலைக்கு இடைவெளி தேவை. ஒவ்வோர் அடியிலும் ஷூவின் முன்பாகம் வளைகிறது. அப்போது பற்கள் விசிறிபோல விரிந்து சேற்றைத் தள்ளுகின்றன. நெருக்கமாக இருந்தால் விரிய இடமில்லை. முன்பாகம் விறைப்பாக இருந்தால் வளைவே இல்லை. பல்லின் வடிவமும் உதவும்: அடியில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் சாய்ந்த பக்கங்கள் கொண்ட பல் சேற்றைச் சுலபமாக விடும். செங்குத்தான பக்கங்கள் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கடையில் நான் இப்போது செய்யும் சோதனை ரொம்ப எளிது. சுண்டுவிரல் நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பேன். விரல் அடிவரை இறங்கினால் சேற்றுக்கு லாயக்கு. பற்களின் மேலேயே தங்கிவிட்டால் களிமண்ணும் உள்ளேயே தங்கிவிடும். அறிவியல் ஒன்றும் இல்லை. இதுவரை என்னைக் கைவிட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆழத்துக்கு ஒரு தோராயக் கணக்கு:

- 3 முதல் 4 மி.மீ.: சாலையும் இறுகிய மண்ணும் அதிகம், சேறு எப்போதாவது.
- 4 முதல் 5 மி.மீ.: எல்லாம் கலந்த தடம். முதல் ஜோடி வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்தும்.
- 6 முதல் 8 மி.மீ.: பாதிக்கு மேல் சேறு, ஈரப் புல் சரிவு. சாலை மிகக் குறைவு.

சலோமன் ஸ்பீட்கிராஸ், ஹோகா ஸ்பீட்கோட் என்ற இரண்டு ஷூக்களிலும் பற்கள் ஏறக்குறைய 5 மி.மீ.தான். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பீட்கிராஸில் அம்பு முனைபோன்ற பற்கள் தள்ளித் தள்ளி நிற்கும். ஸ்பீட்கோட்டில் அதைவிட நெருக்கம். எண் ஒன்றே, குணம் வேறு. இனோவ்-8 நிறுவனத்தின் மட்கிளா வரிசை 8 மி.மீ. பற்களோடு வந்தது, அது முழுக்க முழுக்கச் சேற்றுக்கான ஷூ.

பற்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதையும் பாருங்கள். முன்பாகத்துப் பற்கள் ஏறும்போது உந்தித் தள்ளும் திசையிலும், குதிகால் பற்கள் அதற்கு எதிராக, இறங்கும்போது பிரேக் பிடிக்கும் திசையிலும் இருக்க வேண்டும். எல்லாப் பற்களும் ஒரே திசை பார்த்தால் இறக்கத்தில் கஷ்டம்தான்.

3. ஈரப் பாறைக்குப் பல் உதவாது, ரப்பர்தான் உதவும்

இரண்டாவது ஜோடி கதைக்கு வருகிறேன். 8 மி.மீ. பல். சேற்றில் ராஜா மாதிரி ஓடினேன். ஓடையைக் கடக்கும் இடத்தில் வழவழப்பான ஒரு பாறை. கால் வைத்த அடுத்த நொடி வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன்.

காரணம் எளிமையானது. பாறையில் பல் குத்திக்கொள்ள முடியாது. ரப்பர் பாறையைத் தொடும் பரப்பும், ரப்பரின் மென்மையும்தான் பிடிப்பைத் தருகின்றன. தள்ளித் தள்ளி நிற்கும் நீளப் பற்களில் தொடும் பரப்பு குறைவு. போதாததற்கு, நீளமான பற்கள் பாரம் ஏறும்போது பக்கவாட்டில் மடங்கும். ஆகவே கலப்புத் தடத்துக்கு இடைவெளி உள்ள, ஆனால் ஒவ்வொன்றும் தட்டையான தலையோடு கொஞ்சம் அகலமாக இருக்கும் பற்களைத் தேடுங்கள்.

ரப்பரில் கெட்டி ரகம் நீண்ட நாள் உழைக்கும், ஈரக் கல்லில் வழுக்கும். மென் ரகம் ஒட்டும், ஆனால் சாலையில் அழிரப்பர்போலத் தேயும். வைப்ரம் மெகாகிரிப் என்று எழுதியிருந்தால் அது ஈரப் பாறையை மனத்தில் வைத்துச் செய்த ரகம். பல நிறுவனங்களின் ஷூக்களில் பார்க்கலாம். பின்லாந்தின் விஜே நிறுவனம் ஈரத்தில் ஒட்டும் பியூட்டைல் ரப்பருக்குப் பேர்போனது. பேர் தெரியாத ரப்பர் என்றால் கட்டைவிரல் நகத்தால் பல்லின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். லேசாகப் பதிந்து மெல்ல மீண்டால் மென்மை. கல்மாதிரி இருந்தால் அதுவே பதில். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

பாசி படிந்த மரப்பாலம், ஈர வேர் இவற்றுக்கு எந்த ரப்பரும் முழு உத்தரவாதம் இல்லை. ஓரியன்டீரிங் (வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி தேடி ஓடும் போட்டி) ஓடுபவர்கள் உலோக முனை பதித்த ஷூ போடுவது இதற்காகத்தான். மற்றவர்கள் வேரை மிதிக்காமல் தாண்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

4. காலை அளந்துகொண்டு போங்கள்

சாயங்காலம் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்து நின்ற கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஒரு வெள்ளைத்தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டு, குதிகாலைச் சுவரில் படியவைத்து, எழுந்து நின்றபடி மிக நீளமான விரலுக்கு முன்னால் கோடு போடுங்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் அளவை வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் அகலமான இடத்தையும் அளக்க மறக்காதீர்கள்.

அளவு எண்களில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டன் அளவில் ஒரு முழு எண் என்பது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ.; அரை எண் 4 மி.மீ. சொச்சம். ஐரோப்பிய அளவில் ஒரு எண் சுமார் 6.7 மி.மீ. அமெரிக்க ஆண்கள் அளவு பிரிட்டன் எண்ணைவிட நிறுவனத்தைப் பொறுத்து அரையோ ஒன்றோ கூடுதலாக இருக்கும். ஆகவே 'எனக்கு 9' என்று சொல்வதில் பயனில்லை. பெட்டியிலும் நாக்குப் பட்டையின் உட்புறத்திலும் பெரும்பாலும் சென்டிமீட்டர் அளவும் அச்சிட்டிருப்பார்கள். அதை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள், எண்ணை மறந்துவிடுங்கள்.

நிற்கும்போது விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் நகரும். இடமில்லை என்றால் நகம் கறுத்து விழும். என் நகம் போனது அப்படித்தான். அதே சமயம், சேற்றுக்குத் தாராளமான ஷூவும் ஆகாது. தொளதொளவென்று இருந்தால் சேறு ஷூவை வைத்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பிவிடும். முன்னால் இடம், நடுவிலும் குதிகாலிலும் இறுக்கம்: இதுதான் கணக்கு.

5. கடையில் பத்து நிமிடம் செலவழியுங்கள்

ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு காலிலும் ஷூவைப் போட்டு லேஸை முழுதாகக் கட்டுங்கள். அப்புறம்:

சாய்தளமோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல்கள் முன்னால் இடித்தால், முதலில் கடைசித் துளைவரை லேஸை இறுக்கி மறுபடி இறங்குங்கள். அப்படியும் இடித்தால் வேண்டாம்.

ஒரு காலின் முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். குதிகால் ஷூவுக்குள் எழும்புகிறதா? லேசான அசைவு பரவாயில்லை. நன்றாக எழும்பினால் சேற்றில் ஷூ கழன்றுவிடும்.

ஷூவின் ஓரத்தை ஒரு படி விளிம்பில் வைத்துச் சாய்ந்து நில்லுங்கள், சரிவில் குறுக்காக ஓடுவதுபோல. கால் பக்கவாட்டில் வழிந்து வெளியே துருத்தினால் மேல்துணி பிடிக்கவில்லை என்று பொருள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் கலப்புத் தடத்தில் கணுக்கால் புரளும் இடம் இதுதான்.

நாக்குப் பட்டையின் இரு ஓரமும் ஷூவின் பக்கங்களோடு தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தைத்திருந்தால் சிறுகல்லும் சேறும் உள்ளே போவது குறையும். முன்னால் விரல்களைக் காக்கும் ரப்பர்க் கவசம் இருக்க வேண்டும். லேஸ் விஷயத்தில் எனக்கு ஒரு தனிப்பட்ட பிடிவாதம்: இழுத்தால் இறுகும் மெல்லிய கம்பி லேஸ் வசதிதான், ஆனால் அதன் பூட்டில் களிமண் புகுந்தால் விறைத்த விரல்களோடு போராட வேண்டியிருக்கும். சாதாரண லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைச் செருகிக்கொள்வது எனக்குப் போதும்.

எத்தனை நல்ல ஷூவாக இருந்தாலும் காலுக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 'போகப்போகச் சரியாகிவிடும்' என்பார்கள். துணி கொஞ்சம் தளரும், நீளம் தளராது.

6. தண்ணீரைத் தடுப்பதா, வடிய விடுவதா?

சேறு என்றதும் நீர்புகா ஷூ வாங்கத் தோன்றும். என் முதல் ஜோடி கோர்-டெக்ஸ் என்ற நீர்புகாச் சவ்வு வைத்தது. ஓடையில் கணுக்கால்வரை இறங்கியதும் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வந்தது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு உள்ளே வந்த தண்ணீரையும் விடாது. மீதி பன்னிரண்டு கிலோமீட்டரும் காலில் இரண்டு சின்னத் தொட்டிகளைக் கட்டிக்கொண்டு ஓடிய மாதிரி இருந்தது. குதிகாலில் கொப்புளம், தோல் ஊறி வெளுத்துப்போயிற்று.

ஓடையைக் கடக்க வேண்டியிருந்தாலோ கணுக்காலுக்கு மேல் சேறு இருந்தாலோ வலைத்துணி ஷூதான். நனையும், ஆனால் சில நிமிட ஓட்டத்தில் பெரும்பகுதி தண்ணீர் வெளியேறிவிடும். கடும் குளிர், பனித்துளி படிந்த புல், ஆழமில்லாத ஈரம் என்றால் மட்டும் சவ்வு வைத்த ஷூ பயன் தரும். வலைத்துணி தண்ணீரை விடுமா என்று பார்க்க, உள்ளே கைவைத்து மூடி வெளியிலிருந்து ஊதிப் பாருங்கள். காற்று விரலில் படவேண்டும். உள்ளே தடித்த பஞ்சு மெத்தை நிறைய வைத்த ஷூ தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். மெல்லிய மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ போதும்.

7. குஷன், ட்ராப், ராக் பிளேட்

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் ட்ராப். ஸ்பீட்கிராஸில் 10 மி.மீ.; ஆல்ட்ரா லோன் பீக்கில் பூஜ்யம். இப்போது போடும் ஷூவின் ட்ராப்பிலிருந்து வெகுதூரம் விலகாதீர்கள். திடீரென்று பூஜ்யத்துக்கு மாறினால் கெண்டைக்காலும் குதிநரம்பும் கணக்குக் கேட்கும்.

குஷன் உயரமாக இருந்தால் நீண்ட தூரத்துக்குச் சுகம். ஆனால் மேடுபள்ளத்தில் கணுக்கால் புரள வாய்ப்பும் கூடும். சேறும் வேரும் உள்ள தடத்தில் தரை காலுக்குத் தெரிவது நல்லது. கூர்கற்கள் நிறைய என்றால் மட்டும் ராக் பிளேட் எனப்படும் நடுத்தகடு தேவை. வெறும் சேற்றுக்கு அது முன்பாகத்தை விறைப்பாக்கி, பற்கள் சேற்றை உதறுவதைக் கெடுக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எடை காய்ந்த ஷூவின் எடை. ஒரு ஓட்டம் முடிந்து வந்து, களிமண் அப்பிய ஷூவைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பெட்டி எடையைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டில் அந்தத் தராசுக்காக வாங்கிய திட்டு தனிக்கதை. இருபது கிராம் குறைவு என்பதற்காக எதையும் வாங்காதீர்கள்.

8. செலவுக் கணக்கு

விலைச்சீட்டைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். ட்ரெயில் ஷூ ஒன்று பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர்வரை உழைக்கும் என்று சொல்வார்கள். மென் ரப்பரும் நீளப் பல்லும் கொண்ட ஷூவைச் சாலையில் ஓட்டினால் அந்தக் கணக்கு வேகமாகச் சரியும். என் இரண்டாவது ஜோடி அப்படித்தான் போயிற்று. வாரம் இரண்டு நாள் சாலை வழியே தடத்துக்குப் போய்வந்ததில், மேல்துணி புதுசாக இருக்கும்போதே முன்பற்கள் மொட்டையாகிவிட்டன.

ஒரே ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் 4 முதல் 5 மி.மீ., இடைவெளி உள்ள கலப்பு ஷூ. இரண்டு ஜோடிக்கு வழி இருந்தால் சாலையும் காய்ந்த தடமும் ஓட ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று. மாற்றி மாற்றிப் போடுவதால் இரண்டும் சேர்ந்து நீண்ட நாள் வரும், ஒன்று காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

புது மாடல் வந்ததும் பழைய மாடலின் விலை இறங்கும். நிறம் மட்டுமே மாறியிருக்கும் சமயமும் உண்டு. ஆனால் பெயர் அதேதான் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்; அகலமும் ரப்பரும் மாறியிருக்கலாம். ஷூ விலையோடு சாக்ஸ், கல் புகாமல் தடுக்கும் கெய்ட்டர் எனப்படும் கணுக்கால் உறை இரண்டையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

9. ரசீதும் விதிகளும்

ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள்; அச்சு மங்கிவிடும். வாங்கும் முன்பே கேட்க வேண்டியவை: எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? வெளியே ஓடிய ஷூவை எடுத்துக்கொள்வார்களா? பணமாகத் தருவார்களா, அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டாகவா? தள்ளுபடியில் வாங்கியதற்கும் இது பொருந்துமா? என் முதல் ஜோடியைத் திருப்பித் தரப் போனபோது அடியிலிருந்த சேற்றைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அவர்கள் நிபந்தனை அப்படி, நான்தான் படிக்கவில்லை. பெட்டியையும் சீட்டுகளையும் பத்திரமாக வைத்து, முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். பசை விடுவது, தையல் பிரிவது தயாரிப்புக் குறை; பல் தேய்வது குறையாகாது.

போட்டி என்றால் கட்டாயப் பொருள் பட்டியலைப் படியுங்கள். சில போட்டிகளில் உலோக முனை ஷூவுக்குத் தடை இருக்கும். சிலவற்றில் ஷூவின் பிடிப்பைப் பரிசோதித்துத்தான் விடுவார்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் அதிகம் மாட்டும் இடம் இன்னொன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் நுழையும்போது மண் ஒட்டிய பொருள்கள் பற்றிய அறிவிப்புப் படிவம் உண்டு. பல்லிடுக்கில் காய்ந்த சேறும் அதில் அடங்கும். நியூசிலாந்தின் கௌரி மரக் காடுகளில், மண்வழி பரவி மரங்களைக் கொல்லும் நோய்க்காகத் தடத்தின் வாசலிலேயே ஷூவைத் தேய்த்துக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்கிறார்கள். புறப்படும் முன் பழைய பல்துலக்கியால் சுத்தமாகத் தேய்த்துக் காயவைத்துவிடுங்கள், படிவத்திலும் மறைக்காமல் எழுதுங்கள்.

10. எப்போது வாங்குவது

போட்டிக்கு ஆறு வாரம் முன்னால். முதல் வாரம் வீட்டுக்குள். இரண்டாவது வாரம் நான்கைந்து கிலோமீட்டர், எளிய தடம். மூன்றாவது வாரம் வேண்டுமென்றே நனைத்து ஓடுங்கள். ஈர ஷூ வேறு இடத்தில் உரசும், அது போட்டியன்று தெரியக்கூடாது. நான்காவது, ஐந்தாவது வாரங்களில் உங்கள் கணக்கில் வந்த எல்லாத் தரையிலும் ஒரு நீண்ட ஓட்டம். ஒத்துவரவில்லை என்றால் மாற்ற அப்போதும் கொஞ்சம் அவகாசம் இருக்கும். போட்டிக்கு முந்தின வாரம் புது ஷூ வாங்குவதைவிடத் தேய்ந்த ஷூவில் ஓடுவது மேல்.

11. கழுவுவதும் காயவைப்பதும்

வீட்டுக்கு வந்த உடனே, சேறு காயும் முன் கழுவுங்கள். குளிர்ந்த தண்ணீர், மென்மையான பிரஷ். இன்சோலை உருவித் தனியே கழுவுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரமான தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஹீட்டர் பக்கத்திலோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் பசை விட்டுப்போகும், நுரை சுருங்கும். நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள்.

கழுவும்போதே முன்பாதத்துப் பற்களை ஒரு தடவை தடவிப் பாருங்கள். நுனி உருண்டு, உயரம் பாதியாகியிருந்தால் அந்த ஷூவின் சேற்றுக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைச் சாலைக்கும் காய்ந்த தடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். என் 8 மி.மீ. ஷூ இப்போது தோட்ட வேலைக்குப் போகிறது.